மூலை மேசையில் ஒரு பீர்

பாருக்குப் போய் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்புகிற மனிதர் யாராவது இருப்பாரா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். நம்முடைய லிஃப்ட்காரரிடம் கேட்டால் மட்டும் சிரிக்க மாட்டார், திருதிருவென்று முழிப்பார். வாரத்தில் பாதி நாள் அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் எல்லாம் அவர் கைபட்டவை. லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று "பயப்படாதீங்க, அதான் நான் வந்துட்டேன்ல" என்று சொல்லும் குரல் அவருடையது. அந்தக் குரல் கேட்டதும் உள்ளே வீறிட்டு அழும் குழந்தைகூடக் கொஞ்சம் வாயை மூடும். அப்படிப்பட்டவருக்குத் தன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு மட்டும் கை வராது. என்னத்தைச் சொல்வது.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் அவர் நன்றாகவே குடித்தார். அடிக்கிற ரகம், உடைக்கிற ரகம் எல்லாம் கிடையாது, பேசுகிற ரகம். இரண்டு கோப்பை உள்ளே போய்விட்டால் எதிரில் இருப்பவரை வாய் திறக்க விடமாட்டார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. மனைவி "ம்" கொட்டிக்கொண்டே தட்டைக் கழுவி, விளக்கை அணைத்து, படுத்துத் தூங்கியும் போயிருப்பாள். இவர் சுவரிடம் பேசிக்கொண்டிருப்பார். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் போனாள்.

பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்து, அவளை வீட்டுக்கு அனுப்பிய நாளில்தான் எல்லாம் கெட்டது. மத்தியானம் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னவர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில், ஒரே ஒரு கோப்பை என்று உட்கார்ந்தார். அந்த ஒன்று என்றைக்கு ஒன்றோடு நின்றிருக்கிறது? அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தால் கூடத்துத் தரையில், ஒரு காலில் ஷூவோடு, வாயைப் பிளந்துகொண்டு மனிதர் கிடந்தார்.

மறுநாள் காலில் விழாத குறையாக அவர் நின்றபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இனிமே குடிச்சீங்கன்னா நான் போயிடுவேன்" என்றாள். "சண்டை போட மாட்டேன், அழ மாட்டேன். பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவேன். அவ்வளவுதான்."

அவள் சொன்னால் செய்கிறவள். அலமாரி மேல் இருந்த பழுப்பு நிறப் பெட்டியை அன்றைக்கே தூசி தட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அன்றோடு விட்டார். சத்தியமாக விட்டார், அதற்குப் பிறகு ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை.

குடியை விட்டாயிற்று, சரி. சாயங்காலத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வருவார். கதவைத் திறந்ததும் மனைவி ஓர் அடி முன்னால் வந்து, அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, மெல்ல ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பாள். வாசனை இல்லை என்றால் விலகி வழிவிட்டு, அவசரமாக உள்ளே போய்விடுவாள். அப்புறம் சாப்பாடு. அப்புறம் குழாய்ச் சத்தம். குடித்த காலத்தில் இவர் பேசினார், அவள் கேட்டாள். குடியோடு பேச்சும் போய்விட்டதால் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பிள்ளை குட்டி இருந்திருந்தாலாவது அதன் படிப்பைப் பற்றிப் பேசியிருக்கலாம். அதுவும் இல்லை.

ஒரு நாள் கால்கள் தாமாகப் பழைய பாரை நோக்கிப் போயின. உள்ளே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

"நீ விட்டுட்டதா கேள்விப்பட்டேனே" என்றார் பார் முதலாளி.

"விட்டாச்சு. சும்மா உட்காரலாம்னு வந்தேன். உட்கார்ந்தா தப்பா?"

முதலாளி எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, தண்ணீர் ஊற்றி, அதைப் பெரிய பீர் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். "சின்ன டம்ளர்ல குடுத்தா நம்ம ஆளுங்க கேலி பண்ணியே உசிரை எடுத்துடுவானுங்க. இதுல குடி" என்றார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம்.

பாருக்குப் போகிறேன் ஆனால் குடிப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பார்க்கத்தான் நினைத்தார். வாசலில் அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். யார் நம்புவார்கள்? "ஓவர்டைம்" என்றார். சட்டையில் பாரின் வாடை ஏறாமல் இருக்க, வேலைக்குப் போடும் கிரீஸ் படிந்த மேலங்கியைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். லிஃப்ட் கிரீஸுக்கு முன்னால் வேறெந்த வாசனையும் நிற்காது. குடிக்கிற காலத்தில்கூட இவ்வளவு திருட்டுத்தனம் செய்ததில்லை அந்த மனிதர்.

அந்த பாரில்தான் பல்லுக்காரம்மா படம் வரைந்துகொண்டிருந்தார். பகலில் பல் ஆஸ்பத்திரிக்குச் செயற்கைப் பல் வார்த்துக்கொடுக்கிற வேலை. சாயங்காலமானால் ஜன்னலோரமாகத் துணித்திரையைச் சாய்த்து வைத்து, கையில் தூரிகையோடு உட்கார்ந்துவிடுவார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒட்ட வெட்டிய முடி, மூக்கு நுனியில் எப்போதும் ஒரு பொட்டுச் சாயம். அவர் வரைந்ததெல்லாம் பாரைத்தான். சீட்டு விளையாடுகிறவர்கள், கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைக்கும் முதலாளி, தோளில் சாய்ந்து தூங்குகிறவனை எழுப்ப மனமில்லாமல் மரத்துப்போன தோளோடு உட்கார்ந்திருப்பவன், ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவள். "பூ, மலை, கடல்னு வரையக்கூடாதா?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் என்கிட்ட வந்து கதை சொல்லுதா?" என்பார்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. முடிகிற வரைக்கும் படத்தை யாருக்கும் காட்ட மாட்டார். முதலில் காலி அறையைத்தான் வரைவார். மேசை, ஸ்டூல், சுவரில் ஒழுகிய கறை, கோப்பை வைத்து எடுத்த ஈர வட்டம் என்று வாரக்கணக்கில் அதுவே நடக்கும். அப்புறம் ஒவ்வோர் ஆளாக உள்ளே வருவார்கள். "அப்படியே அசையாம இருங்க" என்று யாரையும் கேட்க மாட்டார். கேட்டால் மனிதர்கள் கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துப்போகிறார்களாம். அந்த இடத்தில் வந்து உட்காராத ஆளை, யார் சொன்னாலும் வரைய மாட்டார். முகத்தை ஒரு இழைகூட மாற்ற மாட்டார். பொருள்களிடம் மட்டும் அந்த மரியாதை கிடையாது. பாட்டிலை இடம் மாற்றுவார், சுவருக்கு வேறு நிறம் கொடுப்பார், இல்லாத விளக்கை எரியவிடுவார். "பல்லு அவங்கவங்க வாய்க்குத்தான் பொருந்தணும். டம்ளர் யாருக்கு வேணா பொருந்தும்" என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கொள்கைதான் லிஃப்ட்காரரின் குடும்பத்தில் கல்லைத் தூக்கிப் போட்டது.

அன்று அவர் பாருக்குள் நுழைந்தபோது ஜன்னலோரம் வெறிச்சென்று இருந்தது. மாதக்கணக்காக அங்கே நின்ற பெரிய படத்தைக் காணோம்.

"வாய்யா ராஜா" என்று கூப்பிட்டார் தபால்காரர். லிஃப்ட்காரரின் மேசைத் தோழர் அவர். "நேத்து ராத்திரியே படம் முடிஞ்சுபோச்சு. நாங்க எல்லாரும் பார்த்தாச்சு. மூலையில நீ உட்கார்ந்திருக்க பாரு, அடடா. நான் பேசறேன், நீ கேட்டுக்கிட்டிருக்க. முன்னாடி பீரு நுரை தள்ளுது."

"பீரா? ஏது பீரு?"

"உன் கோப்பையிலதான்யா."

லிஃப்ட்காரர் பல்லுக்காரம்மா பக்கம் திரும்பினார். அவர் தூரிகைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் குடிக்கிறது எலுமிச்சைத் தண்ணின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே. ஆனா அந்த மூலை வெளுத்துப்போய்ச் செத்துக் கெடந்துச்சு. உங்க மேலங்கி சாம்பல் நிறம், சுவரு சாம்பல் நிறம், தண்ணியும் வெள்ளை. அங்க கொஞ்சம் சூடா ஒரு நிறம் வேணும். அதான் பீராக்கிட்டேன். இப்ப பாருங்க, மூலையே விளக்கேத்தின மாதிரி இருக்கு."

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். போகட்டும், பாரின் சுவரில் தொங்கப்போகிற படம், அங்கே வருகிறவனுக்கெல்லாம் உண்மை தெரியும். "சரி, எங்க படம்? நானும் பார்க்கிறேன்."

"சட்டம் போட அனுப்பிட்டேன். மத்தியானம் சரக்கு வண்டி போச்சு, அதுலயே ஏத்திவிட்டேன். பழைய பாலத்துக்குப் பக்கத்துல ஒரு கடை இருக்காமே. ஒரு அம்மா தனியாளா செய்யறாங்களாம், ரொம்ப நேர்த்தியாம்."

லிஃப்ட்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த அம்மா என் பெண்டாட்டிங்க" என்றார்.

கோப்பை துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் கை நின்றுவிட்டது.

"போச்சு" என்றார் தபால்காரர்.

லிஃப்ட்காரர் எழுந்து ஓடினார். ஓடினார் என்றால் சும்மா சொல்லவில்லை. மூட்டு வலிக்காரர், வேலையில்கூட லிஃப்ட் நின்றுபோனால்தான் படியேறுகிறவர், சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஓடினார். என்ன சொல்வது? என்னைப் போல வேறு ஆள் என்றால்? பல்லுக்காரம்மா முகத்தை ஒரு இழை மாற்றாதவர், அந்தப் பேச்சே எடுபடாது. பழைய காலத்துப் படம் என்றால்? மேலங்கியைப் போன மாதம்தான் அவளே முழங்கையில் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தாள். அந்த ஒட்டையும் அந்தப் பாழாய்ப்போன அம்மாள் வரைந்திருப்பார். எலுமிச்சைத் தண்ணீர் என்று உண்மையைச் சொன்னால் அதுதான் இருப்பதிலேயே கேவலமான பொய்யாகக் கேட்கும். நல்லவனாக இருந்து மாட்டிக்கொள்வதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி அவர் கண்முன்னே வந்து நின்றது.

பாலத்துக் கடையில் இன்னும் விளக்கு எரிந்தது. மரத்தூள் வாசனையும் பசை வாசனையும் வாசலிலேயே வந்தன. சுவர் முழுக்க ஆணிகளில் சட்டத் துண்டுகள் தொங்கின. படத்தின் மூலையில் வைத்துப் பார்த்து, எந்தச் சட்டம் பொருந்தும் என்று முடிவு செய்வதற்காக, மூலைவடிவத்தில் ஒட்டிய துண்டுகள். நடுவில் பெரிய மேசை. அதன் மேல் படம் மல்லாந்து கிடந்தது. மனைவி அதன் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் முதலில் படத்தைத்தான் பார்த்தார். ஒரு கதவின் நீளம் இருக்கும். அதில் தினமும் பார்க்கிற முகங்கள் எல்லாம் இருந்தன. இடதுபக்கக் கீழ்மூலையில் ஒரு தேக்குநிறச் சட்டத் துண்டு இருந்தது. சட்டம் தேர்ந்தெடுக்க அவள் எப்போதும் மூலையில்தான் முதலில் துண்டை வைப்பாள். வைத்த இடத்தில் புருஷன் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றாள் அவள், திரும்பாமலே. "இன்னிக்கு ஓவர்டைம் இல்லையா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "அது பீர் இல்ல" என்றார். ஓடிவரும்போது நினைத்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. "நீ நம்ப மாட்ட. எனக்கே தெரியும் நீ நம்ப மாட்டேன்னு. ஆனா அது பீர் இல்ல."

"தெரியும்."

அவர் அப்படியே நின்றார்.

"இந்தாங்க, அந்த முனையைப் பிடிங்க" என்று அளவு நாடாவின் ஒரு நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்தார். அவள் மறுமுனையைப் படத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஆட்டாதீங்க."

"எப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சியைப் பாருங்க" என்றாள். "குடிச்சா நீங்க யாரு பேச்சையாவது கேட்டிருக்கீங்களா? இதுல அந்தத் தொப்பிக்காரர் பேசறாரு. நீங்க கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, வாயை லேசா திறந்துக்கிட்டு, அவரு அடுத்து என்ன சொல்லப்போறாருன்னு பார்த்துக்கிட்டிருக்கீங்க. குடிச்ச ஆளுக்கு இந்த மூஞ்சி வராது. மத்தியானம் வண்டிக்காரன் இறக்கிட்டுப் போனதும், பீரைப் பார்த்து முதல்ல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுக்கலாம்னு சாவியைக்கூட எடுத்துட்டேன். அப்புறம்தான் மூஞ்சியைப் பார்த்தேன்."

லிஃப்ட்காரருக்கு உடம்பே லேசாகிவிட்டது. அப்பாடா என்று நாற்காலியைத் தேடினார். அதற்குள் அவள் நாடாவை விட்டுவிட்டாள். அது சர்ரென்று அவர் பக்கம் சுருண்டு ஓடிவந்தது.

"பீரா இருந்திருந்தாலே நல்லா இருந்திருக்கும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "குடிகாரன்னு திட்டிட்டுப் போயிருப்பேன். இந்த மூஞ்சியை என்கிட்ட ஒரு நாளாவது காட்டியிருக்கீங்களா? கல்யாணம் ஆனதுலேர்ந்து, குடிச்சப்பவும் சரி, விட்டப்புறமும் சரி. யாரோ ஒருத்தர் பேசறதை இப்படிக் கேட்கத் தெரிஞ்ச மனுஷனா நீங்க? நான் எங்க இருந்தேன் அப்போ? சொல்லுங்க, அந்த ஆளு அப்படி என்னதான் சொல்லிக்கிட்டிருந்தாரு?"

அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னார். "அவரு வீட்டு நாய் குடையைப் பார்த்தா பயப்படுமாம். மழை வந்தா அவரு நனைஞ்சுக்கிட்டேதான் அதைக் கூட்டிட்டுப் போவாராம். அதைச் சொன்னாரு."

"நாய்க் கதை" என்றாள் அவள். "நாய்க் கதைக்கு இந்த மூஞ்சி."

"வீட்டுக்கு வந்தா நீ வாசல்ல மோந்து பார்க்கிற" என்றார் அவர். சொல்லிவிட்டு, சொன்னதற்குப் பயந்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. "தப்புச் சொல்லல. நான் பண்ணினதுக்கு நீ மோந்து பார்க்கத்தான் வேணும். ஆனா தினமும் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. பாஸானா உள்ள விடற. அதுக்கப்புறம் பேச எனக்கு வாய் வரல. அங்க போனா யாரும் என்னை மோந்து பார்க்கிறதில்ல. அதான் போனேன். வேற ஒண்ணுமில்ல."

அவள் சட்டத் துண்டை எடுத்துத் துணியால் துடைத்தாள். அதில் தூசியே இல்லை. "எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள். "சாயங்காலம் ஆனா படியில உங்க காலடிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கும் அதே பரீட்சைதான். வாசனை இல்லைன்னு தெரிஞ்சதும் உள்ள ஏன் ஓடறேன்னு நினைச்சீங்க? அழுகை வந்துடும். பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டே அழுதுட்டு வருவேன். அன்னிக்கு பஸ்ல நான் எப்படி வந்தேன்னு நீங்க இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

உண்மைதான். மன்னிப்பு ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். பஸ்ஸைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வருமே என்ற பயம்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தடதடவென்று சத்தம். பல்லுக்காரம்மா சாயப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அம்மா, தப்பு என்னோடதும்மா" என்றார். "உங்க வீட்டுக்காரரு குடிக்கிறது வெறும் எலுமிச்சைத் தண்ணி. நிறத்துக்காக நான்தான் மாத்திட்டேன். கொஞ்சம் தள்ளுங்க, இப்பவே தண்ணியாக்கிடறேன்." பெட்டியைத் திறந்து வெள்ளைச் சாயத்தைப் பிதுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மனைவி குறுக்கே கையை நீட்டினாள். "தொடாதீங்க. அந்த மூலை நல்லா இருக்கு. பீரை எடுத்தா செத்துடும்."

பல்லுக்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தன் மனதில் உள்ளதை வேறொருவர் வாயால் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். "அப்படியே விட்டா உங்க வீட்டுக்காரர் குடிக்கிறார்னு ஆகிடுமே?"

"இவர் பக்கத்துல ஒரு ஸ்டூல் காலியா இருக்கே, அது யாருக்கு?"

"தபால்காரர் தொப்பி வைக்கிற ஸ்டூல் அது. அன்னிக்குத் தொப்பியைக் கழட்டல, அதனால காலியாயிடுச்சு. ஏன், உங்களை வரையணுமா? அது முடியாதும்மா. வந்து உட்காராத ஆளை நான் வரையறதில்ல."

"வந்து உட்கார்ந்தா?" என்று கேட்டாள் மனைவி.

மறுநாள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவள் பாருக்கு வந்தாள். தலையை வாரி, வெளியில் போகும்போது மட்டும் போடும் நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே இருந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தபால்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், ஸ்டூலில் வைக்கவில்லை. படம் மறுபடி ஜன்னலோரம் வந்திருந்தது. லிஃப்ட்காரர் மூலையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் மேலங்கி போடவில்லை, சலவைச் சட்டைதான்.

அவள் அந்தக் காலி ஸ்டூலில் உட்கார்ந்ததும் முதலாளி வந்து மிகப் பணிவாக, "உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்?" என்றார்.

"இவருக்கு எப்பவும் குடுக்கிறது. எனக்கு ஒரு பீர்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.

"படத்துல இருக்கிறது பொய்யாயிடக்கூடாதில்ல" என்றாள் அவள். "அந்த பீர் என்னோடது. உங்க தண்ணியைப் பக்கத்துல அவங்க வரைஞ்சுப்பாங்க."

பீர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தக் கருமத்துக்கா இவ்வளவு" என்று முகத்தைச் சுளித்தாள். தபால்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். அதோடு அறையின் விறைப்பு கொஞ்சம் தளர்ந்தது. சீட்டுக்கட்டைக் கலைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலோரத்தில் பல்லுக்காரம்மா எதையும் கவனிக்காதவர் மாதிரி சாயத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேட்பதற்கான தைரியத்தை ராத்திரி முழுக்கத் தூங்காமல் சேர்த்துவைத்திருந்தார்.

"அன்னிக்கு பஸ்ல" என்று ஆரம்பித்தார். "உட்கார இடம் கிடைச்சுதா?"

அவள் பீரின் நுரையை விரலால் ஒதுக்கினாள்.

"முதல்ல கிடைக்கல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் ஒரு பொண்ணு என் வயித்துல இருந்த கையைப் பார்த்துட்டு எந்திரிச்சு இடம் குடுத்துச்சு. புள்ளத்தாச்சின்னு நினைச்சிருக்கும் போல. நான் இல்லைன்னு சொல்லல, உட்கார்ந்துட்டேன். பள்ளம் வந்தப்பல்லாம் உயிர் போச்சு. ஆனா நான் அழல, தெரியுமா? வழியெல்லாம் சிரிப்பை அடக்கிக்கிட்டுதான் வந்தேன்."

"சிரிப்பா?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சர். ஆபரேஷன் முடிஞ்சு கொண்டுவந்து போட்டாங்க, மயக்கம் முழுசா தெளியல. டாக்டர் வந்து குனிஞ்சு, 'எப்படிம்மா இருக்கு'ன்னாரு. அந்தம்மா கண்ணைத் திறக்காமலே, 'முதல்ல கையைக் கட்டு. ஏன் லேட்டு? ஹோம்வொர்க் நோட்டு எங்க?'ன்னு கேட்டுச்சு. அதட்டல்னா அதட்டல், வார்டே நடுங்கிடுச்சு. அந்த டாக்டர், அவ்வளவு பெரிய டாக்டர், டக்குன்னு கையைக் கட்டிக்கிட்டு 'மறந்துட்டேன் மிஸ்'னு சொல்லிட்டாரு. சொன்னதுக்கப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது. நர்ஸுங்க எல்லாம் சுவரு பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எனக்குத் தையல் பிரிஞ்சிடுமோன்னு பயம், தலைகாணியை வயித்துல அமுக்கிக்கிட்டு சிரிச்சேன்."

தபால்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சீட்டு விளையாடியவர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். முதலாளி கோப்பையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "மறந்துட்டேன் மிஸ்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக் குலுங்கினார்.

"இதை உங்ககிட்ட சொல்லணும், நீங்க எப்படிச் சிரிப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்" என்றாள் அவள் கணவரிடம். இப்போது மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். "பஸ்ல இருக்கிறப்ப மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்துல நிறுத்தணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். வந்து கதவைத் திறந்தா நீங்க தரையில கெடந்தீங்க. அதுக்கப்புறம் இந்தக் கதையை நான் யாருகிட்டயும் சொல்லல."

லிஃப்ட்காரர் கன்னத்தில் கையை வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்த முகம் சிரித்தபடியே இருக்க, கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கி உள்ளங்கையை நனைத்தது. துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தனக்காகச் சேர்த்துவைத்த ஒரு சிரிப்பை அவள் இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்புறம்?" என்று கேட்டார். "அந்த டீச்சருக்கு மயக்கம் தெளிஞ்சப்புறம் என்ன ஆச்சு?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். மேசையில் மல்லாந்து கிடந்த படத்தில் முந்தின நாள் மத்தியானம் முழுக்கப் பார்த்துப் பொறாமைப்பட்ட முகம், இப்போது அவளுக்கு நேராகத் திரும்பியிருந்தது. அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மீதியைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னலோரத்தில் பல்லுக்காரம்மாவின் தூரிகை திரையைத் தொட்டது.

வீடு திரும்பும்போது இன்னும் முழுதாக இருட்டவில்லை. படியேறும்போது அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோப்பையில் ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்திருந்தாள். காசு கொடுத்ததை வீணாக்குவது அவள் ரத்தத்திலேயே கிடையாது.

கதவைத் திறந்து அவள் முதலில் உள்ளே காலை வைத்தாள். பழக்க தோஷத்தில் வாசலிலேயே திரும்பி நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்போதும் அவள் மூச்சு இழுக்கும் இடம் அது. அவளால் முடியவில்லை, முகம் சிவந்துபோயிற்று.

லிஃப்ட்காரர் ஓர் அடி முன்னால் வந்து, குனிந்து, நன்றாக மூச்சு இழுத்துப் பார்த்தார்.

"குடிச்சிருக்க" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். "பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"எங்க போறது" என்றார் அவர், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "உள்ள வா. அந்த டாக்டர் கையைக் கட்டின இடத்தை இன்னொரு தடவை சொல்லு."